இத்தாலியில் ஒரு வீடு: கையெழுத்துக்கு முன்னாடியும் சாவிக்குப் பின்னாடியும்

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கம் செய்யப்பட்டு, சுருக்கித் தொகுக்கப்பட்டது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

இன்னைக்கு வேற ஒரு தலைப்பு தயார் பண்ணி வச்சிருந்தேன். அதைத் தள்ளி வச்சுட்டேன். காரணம், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வந்த ஒரு மின்னஞ்சல்.

எழுதினவர் பேர் வேண்டாம். இங்கிலாந்துல 14 வருஷமா வேலை பார்க்கிறார். நிரந்தரமா தங்குற உரிமை இருக்கு, பாஸ்போர்ட் இன்னும் இந்திய பாஸ்போர்ட்தான். கோடை விடுமுறைக்கு இத்தாலி போனவர், அப்ருத்ஸோ மலைப்பகுதியில ஒரு கல் வீட்டைப் பார்த்திருக்கார். விலை 38,000 யூரோ. "லண்டன்ல இந்தக் காசுக்கு கார் நிறுத்துற இடம்கூட கிடைக்காது அக்கா. ஏஜென்ட் வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து போட்டு 3,800 யூரோ முன்பணம் கட்டச் சொல்றார். போடலாமா?"ன்னு கேட்டிருக்கார்.

தம்பி, உங்களுக்கு அன்னைக்கே ரெண்டு வரியில பதில் போட்டுட்டேன்: வெள்ளிக்கிழமை எதுலயும் கையெழுத்து போடாதீங்க. ஏன்னு விளக்கமா சொல்லத்தான் இந்த அத்தியாயம். வீடே வாங்காதீங்கன்னு நான் சொல்லல. நானும் என் கணவரும் 2018ல அதே அப்ருத்ஸோவுல, சுல்மோனாவுக்கு மேல மலையில இருக்கிற ஒரு சின்ன ஊர்ல வீடு வாங்கினவங்கதான். கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். விலை 52,000 யூரோ. "வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்"னு நம்ம ஊர்ல சொல்வாங்க. மூணாவதா "வேற நாட்டுல வீட்டை வாங்கிப்பார்"னு சேர்த்துக்கலாம். நாங்க பட்டதையும் கத்துக்கிட்டதையும் வரிசையா சொல்றேன்.

முதல் கேள்வி: உங்களால் வாங்க முடியுமா?

"காசு கொடுத்தா யார் வேணா வாங்கலாம்"னு நினைப்போம். அப்படி இல்ல. இத்தாலியில வெளிநாட்டவர் சொத்து வாங்குறதுல பரஸ்பரம்னு ஒரு நிபந்தனை இருக்கு. உங்க நாட்டுல ஒரு இத்தாலியர் அதே மாதிரி சொத்து வாங்க முடியும்னா, நீங்களும் அங்க வாங்கலாம். ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக்காரங்களுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. இத்தாலியில வேலைக்கான அனுமதியோ குடும்ப அனுமதியோ வச்சு முறையா வசிக்கிறவங்களுக்கும் கிடையாது. பலெர்மோவில எத்தனையோ ஈழத்தமிழ்க் குடும்பங்கள் இருக்காங்க. 'பெர்மெஸ்ஸோ தி ஸொஜோர்னோ'ன்னு சொல்ற அந்தத் தங்கும் அனுமதி கையில இருக்கிறவங்களுக்கு இந்தச் சிக்கல் வராது.

ஆனா இத்தாலிக்கு வெளியே வசிக்கிற, ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத ஒருத்தர் வாங்கும்போது அவர் எந்த நாட்டுக் குடியுரிமைன்னு பார்ப்பாங்க. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரங்க வாங்குறாங்க, பிரச்சனை இல்ல. இந்திய பாஸ்போர்ட்டுக்கு இது லேசான விஷயம் இல்ல. நம்ம அந்நியச் செலாவணிச் சட்டப்படி, இந்தியாவுக்கு வெளியே வசிக்கிற, இந்திய வம்சாவளி இல்லாத ஒரு வெளிநாட்டவர் இந்தியாவில வீடு வாங்க முடியாது. அப்போ பரஸ்பரம் எங்க இருக்குங்கிற கேள்வி வரத்தான் செய்யும். நீங்க இங்கிலாந்துல நிரந்தரமா தங்கலாம்ங்கிறது இங்க உதவாது, அங்க பார்க்கிறது குடியுரிமையை.

இதைத் தீர்த்து வைக்கிற ஆள் ஏஜென்ட் இல்ல, நொட்டாயோ. முன்பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடியே ஒரு நொட்டாயோவுக்கு உங்க பாஸ்போர்ட் நகலை அனுப்பி, "இந்தக் குடியுரிமையோட, இத்தாலியில வசிக்காத நான், இந்த வீட்டை வாங்கலாமா?"ன்னு எழுத்துல கேட்டு, எழுத்துலயே பதில் வாங்குங்க. ஏஜென்ட் "எல்லாம் பார்த்துக்கலாம்"னு வாயால சொல்றது கணக்குல வராது.

நொட்டாயோ யார், ஜெயோமெத்ரா யார்?

நொட்டாயோன்னா நம்ம ஊர்ல முத்திரை குத்தி அஞ்சு நிமிஷத்துல அனுப்புற நோட்டரி இல்ல. அரசாங்கம் நியமிச்ச சட்ட அதிகாரி. பத்திரப் பதிவு அவர் முன்னாலதான் நடக்கும். வில்லங்கம் பார்க்கிறது, அடமானம் இருக்கான்னு பார்க்கிறது, விற்கிறவர் உண்மையிலேயே உரிமையாளரான்னு பார்க்கிறது, வரியை வசூல் பண்ணிக் கட்டுறது எல்லாம் அவர் வேலை. அவர் ரெண்டு தரப்புக்கும் பொதுவானவர். ஆனா கட்டணம் வழக்கமா வாங்குறவர் தலையில. அதனால தேர்ந்தெடுக்கிற உரிமையும் வாங்குறவருக்குத்தான். ஏஜென்ட் சொல்ற ஆளையே எடுக்கணும்னு கட்டாயம் இல்ல. இன்னொரு நல்ல வசதி: 2017ல வந்த ஒரு சட்டப்படி, பத்திரம் முறையா பதிவாகுற வரைக்கும் விலைப் பணத்தைத் தன்னோட தனிக்கணக்குல வச்சிருக்கச் சொல்லி நொட்டாயோகிட்ட நீங்க கேட்கலாம்.

ஆனா நொட்டாயோ பார்க்கிறது காகிதத்தை. அவர் வீட்டுக்குள்ள வந்து சுவரை அளக்க மாட்டார். அதுக்கு ஜெயோமெத்ரா வேணும். நில அளவையரும் கட்டட வரைவாளரும் சேர்ந்த மாதிரி ஒரு தொழில். எங்களைக் காப்பாத்தினது அந்த ஆள்தான்.

எங்க வீட்டுல மேல்மாடியில ஒரு குளியலறை. அழகா, புதுசா, ஜன்னலைத் திறந்தா மலை. வீடு பிடிச்சதுக்கு அதுவும் ஒரு காரணம். கதாஸ்தோன்னு சொல்ற நிலப் பதிவேட்டுல இருக்கிற வரைபடத்தை ஏஜென்ட் காட்டினார். குளியலறை அதுல இருந்தது. "பாருங்க, எல்லாம் சரியா இருக்கு"ன்னார். நாங்களும் நம்பினோம். 900 யூரோ எதுக்கு தண்டமா ஜெயோமெத்ராவுக்கு கொடுக்கணும்னு என் கணவர் கேட்டார். நானும் பாதி மனசோட தலையாட்டினேன். எங்களுக்கு மொழிபெயர்க்க வந்த பெண்தான் பிடிவாதமா "பாருங்க, பார்த்துட்டு கையெழுத்து போடுங்க"ன்னாங்க.

ஜெயோமெத்ரா நகராட்சி அலுவலகத்துக்குப் போய் பழைய கோப்பை எடுத்துப் பார்த்தார். அங்க அந்தக் குளியலறைக்கு அனுமதியே இல்ல. திறந்த பால்கனியை யாரோ சுவர் வச்சு மூடி அறையாக்கியிருக்காங்க. பிறகு கதாஸ்தோவுல மட்டும் வரைபடத்தை மாத்திட்டாங்க. இங்கதான் வெளிநாட்டவர் நிறைய பேர் ஏமாறுற இடம். கதாஸ்தோ வரி போடுறதுக்கான பதிவேடு. அதுல இருக்குங்கிறதால கட்டடம் சட்டப்படி கட்டினதுன்னு அர்த்தம் இல்ல. நகராட்சி அனுமதி தனி, கதாஸ்தோ தனி. 2010க்குப் பிறகு, வீடு கதாஸ்தோ வரைபடத்தோட ஒத்துப்போகுதுன்னு பத்திரத்துல உறுதி சொல்லாம விற்க முடியாது. எங்க வீடு அந்தப் பரீட்சையில பாஸ். நகராட்சிப் பரீட்சையில ஃபெயில்.

அனுமதி இல்லாத கட்டுமானத்துக்கு 'ஆபுஸோ எதிலித்ஸியோ'ன்னு பேர். வாங்கினபிறகு அது வாங்கினவர் தலைவலி. இடிக்கச் சொல்லலாம். அபராதம் கட்டி முறைப்படுத்தச் சொல்லலாம். நீங்க திருப்பி விற்கும்போது அடுத்தவரோட ஜெயோமெத்ரா கண்டுபிடிக்கலாம். 2024ல வந்த ஒரு சட்டம் சின்னச் சின்ன வித்தியாசங்களுக்குக் கொஞ்சம் தளர்வு கொடுத்திருக்கு. ஆனா மூடின பால்கனியைச் சின்ன வித்தியாசம்னு நினைச்சுக்கிட்டு யாரும் இறங்க வேண்டாம்.

எங்க விஷயத்துல விற்கிறவங்களே செலவு பண்ணி முறைப்படுத்தினபிறகுதான் வாங்குவோம்னு சொல்லிட்டோம். ஏழு மாசம் ஆச்சு. அந்த ஏழு மாசத்துல இன்னொண்ணும் வெளிய வந்தது. வீடு ஒருத்தர் பேர்ல இல்ல. அப்பா இறந்தபிறகு மூணு பிள்ளைங்க பேர்ல கூட்டா இருந்தது. அதுல ஒருத்தர் அர்ஜென்டினாவுல. அப்ருத்ஸோவுல இருந்து ஒரு காலத்துல கப்பல் ஏறிப் போன குடும்பங்கள் எக்கச்சக்கம். அதனால ஒரு சின்ன வீட்டுக்கு மூணு கண்டத்துல வாரிசு இருக்கிறது அங்க சகஜம். அவர் அங்க இருந்து பவர் எழுதி அனுப்பினபிறகுதான் பதிவே நடந்தது. தம்பி, உங்க வீட்டுக்கு எத்தனை உரிமையாளர்னு கேட்டீங்களா?

வெள்ளிக்கிழமை கையெழுத்துன்னா என்ன?

இத்தாலியில வாங்குறது மூணு படி. முதல் படி 'ப்ரொபோஸ்தா', அதாவது வாங்குறேன்னு எழுத்துல கொடுக்கிற விலைச்சொல். ரெண்டாவது 'கொம்ப்ரொமெஸ்ஸோ', நம்ம அட்வான்ஸ் அக்ரிமென்ட் மாதிரி. மூணாவது 'ரோஜிதோ', நொட்டாயோ முன்னால பதிவாகுற கடைசிப் பத்திரம்.

முதல் காகிதம் வெறும் விருப்பக் கடிதம்னு நினைச்சுடாதீங்க. நீங்க கையெழுத்து போட்டு, விற்கிறவர் ஒத்துக்கிட்டு, அது உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டுட்டா, அதுவே ஒப்பந்தம். ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கேட்கிற உரிமையும் அப்பவே வந்துடும். அங்க கமிஷன் ரெண்டு தரப்பும் கொடுக்கணும். பொதுவா 3 சதவீதம், அதுக்கு மேல 22 சதவீத மதிப்புக்கூட்டு வரி.

முன்பணத்துக்கு 'கப்பாரா'ன்னு பேர். நீங்க பின்வாங்கினா அது போச்சு. விற்கிறவர் பின்வாங்கினா அவர் ரெட்டிப்பா திருப்பித் தரணும். நியாயமான ஏற்பாடுதான், ஆனா "முதல்ல கட்டுவேன், அப்புறமா விசாரிப்பேன்"ங்கிற ஆளுக்கு அது பொறி.

இதுக்கு வழி இருக்கு. ப்ரொபோஸ்தாவுலயே நிபந்தனை எழுதலாம். "ஜெயோமெத்ராவின் அறிக்கையில் வீடு நகராட்சி அனுமதிப்படியும் கதாஸ்தோப்படியும் சரியாக இருந்தால் மட்டும், சட்டப்படி நான் வாங்கலாம் என்று நொட்டாயோ உறுதி செய்தால் மட்டும், இந்த ஒப்பந்தம் செல்லும், இல்லையென்றால் முன்பணம் முழுசாகத் திரும்ப வரும்." இதை இத்தாலிய மொழியில சரியா எழுத ஒரு வக்கீலையோ நொட்டாயோவையோ கேளுங்க. ஏஜென்ட் இதை ஏத்துக்க மாட்டேன்னு சொன்னா, அதுவே உங்களுக்கு ஒரு பதில்.

இதுக்கெல்லாம் முன்னாடி 'கோதிச்சே ஃபிஸ்காலே' வேணும். நம்ம பான் எண் மாதிரி, 16 எழுத்தும் எண்ணும் கலந்தது. இத்தாலிய தூதரகத்துலயோ, அங்க இருக்கிற வரி அலுவலகத்துலயோ இலவசமா கொடுப்பாங்க. அது இல்லாம பத்திரமும் இல்ல, மின் இணைப்பும் இல்ல.

வீட்டோட தோட்டமோ விவசாய நிலமோ சேர்ந்து வருதுன்னா இன்னொண்ணு பார்க்கணும். பக்கத்து நிலத்துல சொந்தமா விவசாயம் பண்றவருக்கு, அந்த நிலத்தை முதல்ல வாங்கிக்கிற உரிமை சட்டப்படி உண்டு. அவருக்கு முறையா தெரிவிக்கணும், பதில் சொல்ல 30 நாள் கொடுக்கணும். தெரிவிக்காம வாங்கிட்டா, ஒரு வருஷத்துக்குள்ள அவர் வந்து அதே விலைக்கு நிலத்தை உங்ககிட்டேருந்து எடுத்துக்கலாம்.

விலை 52,000, கையை விட்டுப் போனது எவ்வளவு?

இப்போ கணக்குக்கு வருவோம். ரெண்டாவது வீட்டுக்குப் பதிவு வரி 9 சதவீதம். அங்கேயே குடியிருக்கப் போறவங்களுக்கு 2 சதவீதம்தான், ஆனா அதுக்கு 18 மாசத்துக்குள்ள அந்த ஊர்ல வசிப்பிடத்தைப் பதியணும். நமக்கு அது பொருந்தாது.

நல்ல செய்தி என்னன்னா, தனிநபர்கிட்ட வாங்கும்போது அந்த 9 சதவீதத்தை நீங்க கொடுத்த விலைக்குப் போடாம, கதாஸ்தோ மதிப்புக்குப் போடச் சொல்லிக் கேட்கலாம். நம்ம வழிகாட்டி மதிப்பு மாதிரின்னு வச்சுக்கோங்க. ஆனா உண்மையான விலையையும் பத்திரத்துல எழுதித்தான் ஆகணும், ஒளிவு மறைவு கிடையாது. எங்க வீட்டோட பதிவேட்டு வாடகை மதிப்பு 300 யூரோ. அதை 126ஆல பெருக்கினா 37,800. அதுல 9 சதவீதம் 3,402. இன்னும் ரெண்டு சின்ன வரி, தலா 50. மொத்தம் 3,502 யூரோ. வீடு ரொம்பச் சின்னதா இருந்தாலும் பதிவு வரி 1,000 யூரோவுக்குக் குறையாது.

ஏஜென்ட்டுக்கு வரியோட சேர்த்து சுமார் 1,900. நொட்டாயோவுக்கு 2,100. ஜெயோமெத்ராவுக்கு 900. பதிவு அன்னைக்கு மொழிபெயர்ப்பாளருக்கு 300. மொழி புரியாம யாரும் கையெழுத்து போடக் கூடாதுங்கிறதுல நொட்டாயோக்கள் கண்டிப்பு. எல்லாம் கூட்டினா 8,700 யூரோ. அதாவது விலைக்கு மேல கிட்டத்தட்ட 17 சதவீதம். விலை குறைய குறைய இந்தச் சதவீதம் ஏறும், ஏன்னா நொட்டாயோவும் ஜெயோமெத்ராவும் செய்ற வேலை ஒண்ணுதானே.

ஒரு யூரோ வீடு பத்திக் கேட்கிறவங்களுக்கும் இதேதான் பதில். சிசிலியில சம்பூகா, முஸ்ஸொமேலின்னு சில ஊர்கள் அதனாலயே உலகம் முழுக்க பேர் வாங்கின ஊர்கள். யூரோ ஒண்ணுதான். ஆனா குறிப்பிட்ட வருஷத்துக்குள்ள பழுதுபார்த்து முடிக்கணும், அதுக்கு ஒரு தொகையை ஈடா கட்டணும். கூரை போட ஆகுற செலவு லண்டன் கூரைக்கு ரொம்பக் குறைச்சல் எல்லாம் இல்ல.

சாவி வந்தபிறகு

பத்திரம் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுல கரன்ட் இல்ல. பழைய உரிமையாளர் இணைப்பை மூடிட்டுப் போயிட்டார். மூடாம இருந்தா பேரை மட்டும் மாத்தலாம், அதுக்கு 'வொல்தூரா'ன்னு பேர். மூடின மீட்டரைத் திரும்பத் திறக்கிறது 'சுபெந்த்ரோ', அதுக்கு நாளும் காசும் கூட. மெழுகுவர்த்தி வெளிச்சத்துல பால் காய்ச்சினோம், கேஸ் சிலிண்டர் இருந்த புண்ணியத்துல. பதிவுக்கு முன்னாடியே "இணைப்பை மூடாதீங்க"ன்னு விற்கிறவர்கிட்ட சொல்லிடுங்க.

கரன்ட் வந்தபிறகு அடுத்த பாடம். வழக்கமான வீட்டு இணைப்பு 3 கிலோவாட். வெந்நீர் ஹீட்டர் ஓடும்போது அவனைப் போட்டு, பக்கத்துல கிரைண்டரையும் போட்டா, மீட்டர் பட்டுனு விழுந்துடும். மாவரைக்கிற நாள்ல யாரும் குளிக்கக் கூடாதுன்னு எங்க வீட்டுல ஒரு சட்டமே இருக்கு. காசு கட்டினா திறனைக் கூட்டிக்கலாம். அங்க குடியிருக்காதவங்களுக்கு மின் கட்டணத்துல நிலையான பகுதி வேற கூடுதல். ஆள் இல்லாத மாசத்துக்கும் பில் வரும்.

ரெண்டாவது குளிர்காலம்தான் உண்மையான பரீட்சை. ஜனவரியில ஒரு காலை, பக்கத்து வீட்டு சிஞ்ஞோரா போன் பண்ணினாங்க. எனக்கு அப்போ தெரிஞ்ச இத்தாலியன் ரொம்பக் கம்மி. "ஆக்வா, ஆக்வா"ன்னு அவங்க கத்தினது மட்டும் புரிஞ்சது. குழாய் உறைஞ்சு வெடிச்சு, தண்ணி படியில இறங்கி வாசல் வழியா தெருவுக்கு ஓடியிருக்கு. நான் லண்டன்ல ரயில்ல நிக்கிறேன். அவங்ககிட்ட சாவி இருந்தது. அவங்க மகன் போய் மூடினார். சாவி இல்லாம இருந்திருந்தா கீழ்த்தளம் முழுக்கப் போயிருக்கும். அன்னையிலேருந்து, கிளம்பும்போது மெயின் வால்வை மூடி, குழாய்ல இருக்கிற தண்ணியை எல்லாம் வடிச்சுட்டுத்தான் கிளம்புறோம். மலையில வீடு வாங்குறவங்க இதை எழுதி கதவுலயே ஒட்டி வச்சுக்கோங்க.

அப்ருத்ஸோ நிலநடுக்க பூமி. 2009 ஏப்ரல் 6ஆம் தேதி லாக்விலாவுல வந்த நிலநடுக்கத்துல 300க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. இத்தாலி முழுக்க ஊர்களை நாலு மண்டலமா பிரிச்சிருக்காங்க, 1தான் ஆபத்து அதிகம். வாங்குற ஊர் எந்த மண்டலம், கல் சுவர்களை இரும்புக் கம்பியால இழுத்துக் கட்டியிருக்காங்களா, கூரை கனமான கான்கிரீட்டா மரமா, இதையெல்லாம் ஜெயோமெத்ரா பார்க்கும்போது பொறியாளர் ஒருத்தரையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போங்க.

வருஷச் செலவு சொல்றேன். 'இமு'ன்னு ஒரு சொத்து வரி. ரெண்டாவது வீட்டுக்குக் கட்டாயம். ஜூன் 16க்குள்ள ஒரு தவணை, டிசம்பர் 16க்குள்ள ஒரு தவணை. யாரும் பில் அனுப்ப மாட்டாங்க, நீங்களே கணக்குப் போட்டுக் கட்டணும். இது தெரியாம வருஷக்கணக்குல கட்டாம விட்டு, அபராதத்தோட நோட்டீஸ் வாங்கினவங்களை எனக்குத் தெரியும். எங்களுக்கு 534 யூரோ. குப்பை வரி 'தாரி' 180. மின்சாரம் 350, தண்ணீர் 100, காப்பீடு 300, குளிருக்கு எரிக்கிற மரக்குருணை 400, பாய்லரும் புகைபோக்கியும் பார்க்கிறதுக்கு 150, வீட்டைப் பார்த்துக்கிற பையனுக்கு 300, சில்லறைப் பழுது 800. கூட்டுங்க, 3,114. வருஷத்துக்கு நாங்க தங்குறது சராசரியா 60 ராத்திரி. அதாவது ஒரு ராத்திரிக்கு 52 யூரோ, விமான டிக்கெட் இல்லாம, போட்ட முதல் இல்லாம. அந்தக் காசுக்கு அதே ஊர்ல காலைச் சாப்பாட்டோட அறை கிடைக்கும். இது முதலீடுன்னு யாராவது சொன்னா, இந்தக் கணக்கைக் காட்டுங்க.

"வாடகைக்கு விட்டுச் சமாளிக்கலாமே"ன்னு கேட்பீங்க. விடலாம். 2025 ஜனவரியிலேருந்து சுற்றுலாவுக்கு விடுற ஒவ்வொரு வீட்டுக்கும் தேசிய அடையாள எண் கட்டாயம். எரிவாயு கசிவுக் கருவி, தீயணைப்பான் வைக்கணும். வர்ற விருந்தாளி விவரத்தை 24 மணி நேரத்துக்குள்ள போலீசுக்கு இணையத்துல பதியணும். வருமானத்துக்கு 21 சதவீதத் தனி வரி வழி இருக்கு. இங்க இங்கிலாந்துலயும் அந்த வருமானத்தைக் காட்டணும். லண்டன்ல உட்கார்ந்துக்கிட்டு தொலைவிலேருந்து செய்ய முடியாதுன்னு நாங்க விட்டுட்டோம்.

வீடு இருக்கு, தங்க நாள் இல்ல

இப்போ மனசுக்கு வலிக்கிற பகுதி. 2018ல வாங்கும்போது எங்க திட்டம் என்ன தெரியுமா? அவர் ஓய்வு பெற்றதும் வருஷத்துல ஆறு மாசம் அங்க. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறினபிறகு, 2021 ஜனவரி 1லேருந்து எங்க பாஸ்போர்ட்டுக்கு எந்த 180 நாளை எடுத்தாலும் அதுல 90 நாள்தான். வீடு சொந்தமா இருக்குங்கிறது ஒரு நாள்கூட கூடுதலா தராது. வந்த நாளும் கணக்கு, கிளம்புற நாளும் கணக்கு. நடுவுல பாரிஸ் போய் வந்தாலும் ஷெங்கன் முழுக்க ஒரே கணக்கு. 2025 அக்டோபர் 12லேருந்து கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியில பதியுற முறை ஆரம்பிச்சாச்சு. முத்திரை மங்கிப் போச்சுன்னு தப்பிக்கிற காலம் முடிஞ்சது.

தம்பி, உங்களுக்கு இன்னொரு படி கூட. இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசாவும் வேணும். பத்திரத்தைக் காட்டினா விசா கொடுத்துடணும்னு சட்டம் இல்ல.

அதிக நாள் தங்கணும்னா வேலை செய்யாம வாழப்போறவங்களுக்குன்னு ஒரு வசிப்பிட விசா இருக்கு. ஒருத்தருக்கு வருஷத்துக்கு சுமார் 31,000 யூரோ ஓய்வூதியமோ வாடகையோ மாதிரி உழைக்காம வர்ற வருமானம் காட்டணும். வீட்டிலிருந்து லண்டன் ஆபீஸுக்கு கணினியில வேலை செய்யறதும் அதுல கூடாது. வருஷத்துல பாதிக்கு மேல தங்கினா இத்தாலியின் வரி வலைக்குள்ளயும் வந்துடுவீங்க. அவர் ஓய்வூதியம் அந்தத் தொகையைத் தொடல. அதனால ஆறு மாசக் கனவு இப்போ ரெண்டு மாசம்.

நமக்குப் பிறகு

கடைசியா ஒண்ணு. பேசப் பிடிக்காத விஷயம். இத்தாலியச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சொத்துல விலக்க முடியாத பங்கு உண்டு. 2015 ஆகஸ்ட் 17லேருந்து நடைமுறையில இருக்கிற ஐரோப்பிய விதிப்படி, என் குடியுரிமை நாட்டுச் சட்டப்படியே என் சொத்து போகணும்னு உயில்ல எழுதிக்கலாம். நாங்க எழுதி வச்சோம். பிள்ளைங்களுக்குத் தலைக்குப் பத்து லட்சம் யூரோ வரைக்கும் வாரிசு வரி கிடையாது, அதனால வரி பயம் வேண்டாம். ஆனா இறந்து 12 மாசத்துக்குள்ள வாரிசு அறிவிப்பு அங்க தாக்கல் பண்ணணும். அதைவிட முக்கியம், பிள்ளைங்களைக் கேட்கிறது. போன வருஷம் என் மகள்கிட்ட கேட்டேன். "அம்மா, நீங்க இருக்கிற வரைக்கும் வருவேன். அப்புறம் அதை நான் என்ன பண்றது?"ன்னா. எங்க ஊர்ல 'விற்பனைக்கு'ன்னு பலகை தொங்குற ரெண்டு வீடு, நாங்க வாங்கினப்போ தொங்கினது, இன்னைக்கும் தொங்குது. மகள் கேட்டது நியாயம். எங்க வீட்டுக்கும் ஒரு நாள் மூணு கண்டத்துலேருந்து கையெழுத்து வாங்க வேண்டிய நிலை வந்துடக் கூடாது.

அப்போ ஏன் வச்சிருக்கோம்? செப்டம்பர்ல சிஞ்ஞோரா வீட்டு முற்றத்துல தெருவே கூடி தக்காளியைக் காய்ச்சி புட்டியில அடைப்பாங்க. மூணாவது வருஷம் என் கையிலயும் ஒரு கரண்டியைக் கொடுத்தாங்க. எங்கேருந்து வந்தோம்னு அதுக்கப்புறம் யாரும் கேட்கல. குழாய் எப்படி இருக்குன்னுதான் கேட்கிறாங்க. ராத்திரிக்கு 52 யூரோங்கிற கணக்கு தெரிஞ்சே வச்சிருக்கோம். தெரிஞ்சு வச்சிருக்கிறது வேற, தெரியாம மாட்டிக்கிறது வேற.

தம்பி, உங்களுக்கு நான் சொல்ற வரிசை இதுதான். முதல்ல நொட்டாயோவோட எழுத்துப் பதில். அது "முடியாது"ன்னு வந்தா, பிரிட்டிஷ் குடியுரிமை எடுக்கிற எண்ணம் இருந்தா அதுவரைக்கும் வாடகைக்குப் போங்க. "முடியும்"னு வந்தா ஜெயோமெத்ரா. அப்புறம் நிபந்தனையோட ப்ரொபோஸ்தா. அப்புறம்தான் 3,800. முடிஞ்சா பிப்ரவரியில ஒரு தடவை அந்த ஊருக்குப் போய் ஒரு வாரம் வாடகைக்குத் தங்குங்க. கோடையில எல்லா ஊரும் அழகுதான். பிப்ரவரியிலயும் பிடிச்சா, அந்த ஊர் உங்க ஊர்.

அதுக்குள்ள வேற யாராவது வாங்கிட்டா? வாங்கட்டும். அந்த மலையில காலி வீட்டுக்குப் பஞ்சமே இல்ல.

நொட்டாயோ என்ன சொன்னார்னு எனக்கு எழுதுங்க. மத்தவங்களுக்கும் உபயோகமா இருக்கும்னா, உங்க அனுமதியோட அடுத்த அத்தியாயத்துல சொல்றேன்.